உத்திரத்தின் பொறுமை

ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் யாவரும் இணைந்து வாழ்வோர் ஆவரோ? தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தின் பெயரே, ஓர் அரண்மனைக்குள் உறவு முறிந்த பழங்கதையை நினைவூட்டுகிறது. இக்கேள்விக்கு நம் வீட்டுக் கூரைகளும் விடை சொல்லக்கூடும்.

அப்புறநகரில் இன்று எழுபவை பெரும்பாலும் கான்கிரீட் தளங்கள். மயிலாப்பூரில் எஞ்சியுள்ள பழைய வீடுகளிலோ 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் தளத்தைக் காணலாம். தேக்கு மரச்சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்குவர். அழகான தளம்தான். ஆனால் அது மரத்தின்மேல் கிடக்கிறதேயன்றி, மரத்தோடு சேர்ந்து சுமப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. பாரம் முழுவதும் மரத்துக்கே.

முதல் உலகப் போருக்குப்பின், எஃகுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், மரத்தையும் கான்கிரீட்டையும் சேர்ந்து சுமக்கவைக்கும் முறைக்கு 1922-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெறப்பட்டது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். மரமோ இழுவிசையை நன்கு தாங்கும். ஆதலால் மேலே கான்கிரீட், கீழே மரம். ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதவாறு, மரத்தில் வெட்டிய பள்ளங்களும் சாய்வாகச் செலுத்திய திருகாணிகளும் இரண்டையும் பிணைக்கின்றன. இணைப்பின் வலிமை சிறிதன்று. ஒரே அளவுள்ள இரு பலகைகளை வெறுமனே அடுக்காமல் வழுக்காதபடி ஒட்டிவிட்டால், அதே சுமைக்கு வளைவு நான்கில் ஒரு பங்காகிவிடும். பொருள் கூடவில்லை, உறவே கூடியது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. வளைவு நடுவில் கண்ணுக்குத் தெரியும். வழுக்கலோ சுவரையொட்டிய முனைகளில்தான் மிகுதி. திருகாணிகள் அங்கேதான் நெருக்கமாக இடப்படுகின்றன.

நம் இல்லங்களிலும் உத்திரங்கள் உண்டு. நோயுற்ற மாமியாரைப் பேணி, பிள்ளைகளையும் கவனித்து, வேலைக்கும் சென்றுவரும் பெண்ணைப் 'பொறுமையின் சிகரம்' என்கிறோம். தியாகம் உயர்ந்ததுதான், ஐயமில்லை. ஆனால் தானே விரும்பி ஏற்ற சுமை வேறு. பிறர் கைவிட்டதால் ஒருவர்மேல் விழுந்த சுமை வேறு. பின்னதைப் புகழ்வது, மேலே சுகமாகக் கிடப்போர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அன்றோ?

கான்கிரீட் மரமாக மாற வேண்டுவதில்லை. தன்னால் இயன்ற விசையைத் தான் ஏற்றால் போதும். சம்பாதிப்பவர் இரவில் ஒருவேளை மருந்து கொடுக்கலாம். தொலைவில் வாழும் மகன் மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கலாம். உத்திரம் முறிந்தபின் அதன் பெருமை பேசுவதைவிட, முறியுமுன் அதனோடு சேர்ந்து சுமப்பதே அறம்.