காடியில் கிடந்த பாலகன்



ஒரு காரியத்தை மறைக்காமல் அறிக்கையிடுகிறேன். அநேக வருஷங்களாக டிசம்பர் மாதம் வந்தாலே நான் பிரசங்கபீடத்தில் ஏறி, "டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை. அது 4-ம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஏற்பட்ட வழக்கம்" என்றுதான் பேசுவேன். சொன்னது பொய்யல்ல. ஆனால் தேதியைப் பற்றி அவ்வளவு பேசின நான், பிறந்தவரைப் பற்றி எவ்வளவு பேசினேன்? இதை எனக்கு உணர்த்த கர்த்தர் ஒரு வேத பண்டிதரை அனுப்பவில்லை. என் மகளுடைய ஆறு வயசுப் பிள்ளையை அனுப்பினார்.

போன வருஷம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு சின்ன நாடகத்துக்குச் சம்மதித்தேன். அட்டைப்பெட்டியில் ஜிகினாத்தாள் ஒட்டி, பஞ்சு பரப்பி, அதிலே பொம்மையைப் படுக்க வைத்தார்கள். பேத்தி என்னிடம், "அப்புச்சி, முன்னணைன்னா என்னதுங்க?" என்றாள். "மாட்டுக்குத் தீனி வைக்கிற இடம் அம்மிணி" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வாரமே வெள்ளகோவிலுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் வீட்டு ஜெபக்கூட்டம். பேத்தியும் கூட வந்தாள். ஜெபம் முடிந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். தேடிப் போனால், கட்டுத்தரையில் காங்கேயம் பசுவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கல்லுக் காடிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறாள். உள்ளே சோளத்தட்டுத் துண்டுகள், பசுவின் எச்சில், சாண வாடை.

"அப்புச்சி, இதுலதானுங்களா இயேசப்பாவப் படுக்க வெச்சாங்க?"

"ஆமா அம்மிணி, இது மாதிரிதான்."

"சில்லுன்னு இருக்குதுங்க. தட்டு குத்துது. பாப்பாவுக்குக் குத்தியிருக்குமுல்லீங்களா?"

பிரியமானவர்களே, இத்தனை வருஷ ஊழியத்தில் இந்தக் கேள்வி என் மனசில் ஒருநாளும் வந்ததில்லை. முன்னணையை நான் வேதபுத்தகத்தில் வாசித்தேன். அந்தப் பிள்ளை அதைக் கையால் தொட்டது.

1223-ம் வருஷம் இத்தாலி தேசத்தில் கிரெச்சோ என்ற ஊரில், பிரான்சிஸ் என்ற துறவி வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, பாலகன் பட்ட பாட்டைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். நம்ம கொங்கு நாட்டுக் கட்டுத்தரையிலோ அது தினமும் நம் கண்முன்னாலே இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

மேய்ப்பர்களுக்குத் தூதன் கொடுத்த அடையாளம் என்ன? லூக்கா 2:12-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். சிங்காசனம் அல்ல, முன்னணை! அரண்மனையில் பிறந்திருந்தால் ஆடு மேய்க்கிறவனைக் காவல்காரன் உள்ளே விட்டிருப்பானா? காடியில் கிடந்தபடியால் அவர்கள் தயங்காமல் உள்ளே போனார்கள். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அங்கே பிறந்த ஜீவ அப்பம் தீனி வைக்கிற இடத்தில் கிடந்தது!

இன்னொன்றையும் கவனியுங்கள். "காடி" என்ற சொல்லை நம்முடைய தமிழ் வேதாகமத்தில் சிலுவையண்டையில் வாசிக்கிறோம் (யோவான் 19:29). அங்கே அது புளித்த ரசம், அர்த்தம் வேறு. ஆனாலும் என் உள்ளம் உடைந்தது. பிறந்தபோது படுக்கக் கிடைத்தது காடி. மரிக்கும்போது குடிக்கக் கிடைத்ததும் காடி. பிறந்த அன்றைக்குத் தட்டு குத்தியிருந்தால், கடைசியில் முள் அல்லவா குத்தியது! எல்லாம் நமக்காக.

திரும்பி வரும் வழியில் அம்மிணி சும்மா இருக்கவில்லை. "எடமில்லைன்னு சொன்னவங்க கெட்டவங்களாங்க அப்புச்சி?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால் பத்து நாளைக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து தறிக்குடோன் வேலைக்கு வந்த ஒரு தம்பி, எட்டு மாச கர்ப்பிணியான மனைவியோடு என் வாசலில் நின்றான். சபைக்குப் பின்னால் இருந்த அறையை வாடகைக்குக் கேட்டான். பாஷை தெரியாதவர்கள், நம் விசுவாசத்தார் அல்ல, வெளியூர் ஊழியக்காரர் வந்தால் அறை வேண்டுமே என்று யோசித்து, "எடமில்லை தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அறை காலியாகத்தான் இருந்தது.

சத்திரக்காரனைக் குறித்து எத்தனை பிரசங்கம் பண்ணியிருப்பேன்! அந்தச் சத்திரக்காரன் நான்தான் என்று அன்றைக்கு ராத்திரி முழங்காலில் நின்று அழுதேன்.

காலையில் போய் அவர்களைத் தேடிக் கூட்டிவந்தேன். ஜனவரியில் அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அந்த அறையில் பழைய சேலையால் தூரி கட்டினார்கள். பேத்தி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இது குத்தலைங்க அப்புச்சி" என்றாள்.

தேவ ஜனமே, இந்த வருஷமும் நட்சத்திரம் கட்டுவீர்கள், கேக் வெட்டுவீர்கள். அல்லது என்னைப்போல் தேதியைக் குறித்துத் தர்க்கம் பண்ணுவீர்கள். அதற்கு முன்னால், உங்கள் வாசலில் வந்து "எடமில்லை" என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப் போனவர் யாரென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மத்தேயு 25-ம் அதிகாரத்தின்படி அவர் வேறு யாரோ அல்ல.

காடியில் கிடந்த கர்த்தர் தாமே நம் இருதயத்தையும், நம் வீட்டுக் கதவையும் திறப்பாராக. ஆமென்.