இரந்த கையே பரிமாறுக

ஈபவன் உயர்ந்தவன், உண்பவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் ஈகையையே மாசுபடுத்திவிடும். அம்மாசின்றி ஈவது எங்ஙனம்?

1880 முதல் 1920 வரை ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவருள் சிசிலித் தீவினர் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குக் கொண்டுசென்ற வழக்கம் ஒன்று இதற்கு விடை பகர்கின்றது. ஆண்டுதோறும் மார்ச் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, மூன்றடுக்கு மேடையில் ரொட்டி, காய்கறி, மீன், பலகாரம், உலர்ந்த ஃபாவா அவரை ஆகியவற்றைப் படைப்பர். தவக்காலமாதலின் இறைச்சி விலக்கப்படும். பஞ்சத்தில் மாட்டுத் தீவனமாயிருந்த அவரையே சிசிலி மக்களைக் காத்தது என்பது மரபுக்கதை. வருவோர் அனைவர்க்கும் உணவு உண்டு, எஞ்சியது ஏழையர்க்கு.

பண்டை முறைப்படி, வசதி படைத்தவரேயாயினும் விருந்திடுவோர் வீடுதோறும் சென்று பொருள்களை இரந்து பெறுதல் வேண்டும். இரந்த கையே பின்னர்ப் பரிமாறுகின்றது. அங்குச் செருக்கிற்கு இடமேது?

1891 மார்ச் 14இல் அதே நகரில் ஒரு கும்பல் 11 இத்தாலியரைக் கொன்றது. இன்று அவ்விருந்திற்குப் பல இனத்தாரும் வரிசையில் நிற்கின்றனர். உணவொன்றே பகையை மாற்றியது எனக் கூறோம். ஆயினும், ஒருவர் கையால் உண்டபின் அவரை அயலாராக எண்ணுதல் அரிது.

அன்பர்களே, ஈயுமுன் நாமும் ஒருகால் இரந்தவரே என்பதை மறவாதிருப்போமாக.