ஊசியும் ஒளிப்படமும்

ஓர் உயிரை முற்றும் அறிவதற்காக அவ்வுயிரையே போக்கலாமா? இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் அந்துப்பூச்சிகளைக் கண்டு குறித்து வருவோரிடம் இவ்வினா இன்றும் எழுகிறது.

கோடை இரவில் அவர்கள் தோட்டத்தில் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் பாதரச ஆவி விளக்கை எரியவிடுகிறார்கள். உள்ளே முட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகள். ஒளியைச் சுற்றி வந்து வீழும் பூச்சிகள் அவற்றின் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கும். விடிந்ததும், பறவைகள் கொத்துமுன், தட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, பெயர் குறித்து, ஒளிப்படம் பிடித்து, புதர் நிழலில் விட்டுவிடுகிறார்கள். ஆசையால் அழிவோர்க்கு விளக்கில் வீழும் விட்டிலை உவமை கூறுவது நம் மரபு. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, பூச்சி ஒளியை நாடுவதில்லை, வானொளிக்கு முதுகு காட்டிப் பறக்கும் இயல்பினால் விளக்கருகே நெறி தடுமாறிச் சிக்குகிறது என்கிறது. அங்கே ஆசை உண்டெனில் அது விளக்கு வைத்தவருடையதே!

விக்டோரியா காலத்துச் சேகரிப்பாளர் பூச்சியைத் திரும்ப விட்டவரல்லர். நச்சுப் புட்டியில் அடைத்துக் கொன்று, ஊசியில் குத்தி, இழுப்பறைகளில் வரிசைப்படுத்தினர். எனினும், 1848இல் மான்செஸ்டரில் 'பெப்பர்டு மாத்' என்னும் பூச்சியின் கரிய வடிவம் காணப்பட்டதையும், ஆலைப்புகையால் மரங்கள் கருத்தபோது அது பெருகியதையும் உலகம் அறிந்தது அத்தகையோரின் பதிவுகளால் அன்றோ? ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் விளக்குப் பொறிகளும் பூச்சிகளைக் கொன்றே எண்ணுகின்றன. 1968 முதல் 2017 வரை பிரிட்டனில் பெரிய அந்துப்பூச்சிகளின் தொகை 33 விழுக்காடு குறைந்தது என்னும் உண்மை அப்பொறிகளின் கணக்கால் விளங்கியது. இனத்தைக் காக்கும் அறிவுக்காக நேரும் அவ்விழப்பை நான் எளிதில் பழிக்கமாட்டேன்.

தனி மனிதரின் குறிப்பேட்டுக்காகக் கொல்வதோ வேறு. 'கிரே டாகர்', 'டார்க் டாகர்' என இரு பூச்சிகள் உள்ளன. சிறகுகளைக் கொண்டு இவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது. கொன்று, பிறப்புறுப்பை அறுத்து, உருப்பெருக்கியின்கீழ் நோக்கவேண்டும். எத்துணைத் தெளிவான ஒளிப்படமும் இங்கே உதவாது. ஆதலின் பலர் 'இவ்விரண்டில் ஒன்று' என்றெழுதிப் பறக்கவிடுகின்றனர். படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பாவிடினும் கோப்பு திரும்பிவரும் அலுவலகத்தில் இருபதாண்டு கழித்த எனக்கு, அந்த நிரம்பாத பதிவு வியப்பும் மதிப்பும் ஊட்டுகிறது. என் ஐயம் தீர வேண்டுமென்பது என் தேவை. அதற்கு விலை கொடுப்பது பூச்சி.

கொல்லாமை மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். சில நாள் வாழ்விலே ஓரிரவைப் பெட்டியில் இழப்பது சிறிதன்று. படத்திற்கு அசையாதிருக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைப்போரும் உளர். இதனை உணர்ந்தோர், ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகளில் விளக்கேற்றுவதில்லை.

டாகர்களை அறியவும் வேறு வழியுண்டு. புழுப்பருவத்தில் இரண்டும் தெளிவாக வேறுபடும். கிரே டாகரின் முதுகில் அகன்ற மஞ்சள் பட்டை ஓடும், மற்றதற்கு அஃது இல்லை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஹாதார்ன் வேலிகளில் இலை இலையாகத் தேடுவோர்க்கு, தம் தோட்டத்தில் வாழ்வது எதுவெனக் கொல்லாமலே தெரியவரும்.