எழுதினால் மட்டும் போதுமா?



1992-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. கணினியில் தட்டிக் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். அதிலிருந்தது கிறிஸ்துமஸ் வாழ்த்து! இன்றோ நம் வீட்டு டேப்லெட்டில் சிம் இல்லாவிட்டாலும், அதைக் கைப்பேசியோடு இணைத்துவிட்டால் செய்தி போய்விடுகிறது. எழுத்துப் பெரிதாகத் தெரிவதால் கண் மங்கிய பாட்டிக்கும் வசதி. தூர தேசத்துப் பேரனுக்கு அவர் ஒரு வரி அனுப்புவது நல்ல காரியமே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். "மன்னிச்சிருங்கண்ணே" என்று டேப்லெட்டில் தட்டிவிட்டு, கடமை தீர்ந்ததென்று பூசைக்குப் புறப்படலாமா?

அர்ச். அருளப்பர் தமது இரண்டாம் நிருபத்தை முடிக்கையில், எழுத வேண்டியது அநேகம் உண்டு, ஆனாலும் தாளும் மையும் வேண்டாம், நேரில் வந்து பேசவே ஆசிக்கிறேன் என்கிறார். நமதாண்டவரோ, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது பீடத்தண்டையில் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் (மத். 5: 23-24). போ என்றார், சொல்லி அனுப்பு என்று சொல்லவில்லை.

ஆகையால் செய்தி அனுப்புங்கள்: "அண்ணே, இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்." அனுப்பியபின் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு இருவருமாக வாருங்கள்.