எதை வைத்து, எப்போது?

மானைக் கொல்லலாமா என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தயாராக இருக்கும். எதை வைத்துக் கொல்லலாம், எந்த மாதத்தில் கொல்லலாம் என்று கேட்டால்? "கொல்றதுன்னு முடிவாயிட்ட பிறகு அதுல என்னடா நல்ல முறை, கெட்ட முறை?" என்று என் அறைத்தோழன் சிரிக்கிறான். எனக்கு என்னவோ அந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிற மாதிரி தோணுது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம் நடப்பில் இருக்கிறது. பெரிய மான்களைச் சுடும் ரைஃபிளின் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. பொறியியல் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 2,300 ஜூல். 10 கிலோ அரிசிப் பையை எட்டு மாடி உயரத்துக்குத் தூக்குகிற அளவு.

ஆயுதச் சட்டம் என்றால் "இதுக்கு மேல போகாதே" என்று சொல்லும் என்றுதான் நாம் நினைப்போம். இது "இதுக்குக் கீழே போகாதே" என்கிறது. பலவீனமான ஆயுதம் மானைக் கொல்லாது, காயப்படுத்தும். காயத்தோடு புதருக்குள் போன மான் எத்தனை நாள் கிடந்து சாகும் என்று சுட்டவனுக்குத் தெரியாது. அதே காரணத்துக்காக வில் அம்பையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை தலைகீழ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லுக்குத்தான் நீண்ட பருவம். செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். பிரதானத் துப்பாக்கிப் பருவமோ நவம்பரில் ஒன்பதே நாள். வில்லாளி மானுக்கு வெகு அருகில் போயாக வேண்டும். பெரும்பாலும் மான் தப்பிவிடும். கூட்டம் அழியாது, வேட்டைக்காரருக்கும் நிறைய நாள் கிடைக்கும். அம்பின் ஆற்றல் நூறு ஜூல் பக்கம்தான். அது அடித்து வீழ்த்துவதில்லை. கூரிய அலகால் ரத்தக்குழாயை அறுக்கிறது. சரியான இடத்தில் பட்டால் சீக்கிரம் முடியும், தவறினால் மான் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு நாட்டுக்காரரும் நியாயம் பேசுகிறார்கள். ஒருவர் நினைப்பது இந்த ஒரு மானின் வலியை. இன்னொருவர் நினைப்பது அது தப்பிக்கும் வாய்ப்பை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையுது. என்னைக் கேட்டால் நான் முதல் பக்கம். 'வாய்ப்புக் கொடுத்தேன்' என்ற பெருமை வேட்டைக்காரனுக்குத்தான். அப்படி ஒன்று தனக்குக் கிடைத்ததே மானுக்குத் தெரியாது. வலி அதுக்குத் தெரியும்.

பருவ விதிக்கு வருவோம். இங்கிலாந்தில் பெண் சிவப்பு மானை ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை சுடக் கூடாது. குட்டி பிறப்பது கோடையின் தொடக்கத்தில். அது தாய்ப்பாலை நம்பி இருக்கும்போது தாயைச் சுட்டால் ஒரு குண்டில் இரண்டு சாவு. ஆண் மானுக்குத் தடை மே முதல் ஜூலை வரை மட்டும்.

இதைப் படித்தபோது எனக்குப் பாண்டுவின் ஞாபகம் வந்தது. மகாபாரதக் கதை நமக்குத் தெரிந்ததுதான். மான் உருவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு அம்பெய்து வீழ்த்தினான், சாபம் வாங்கினான். அதற்கு நடுவில் நடக்கும் வாக்குவாதத்தை நாம் கவனிப்பதில்லை. அரசர்கள் மானை வேட்டையாடுவது வழக்கம்தானே என்று பாண்டு வாதாடுகிறான். மானைக் கொன்றதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை, கூடல் முடியும்வரை நீ காத்திருக்க வேண்டாமா என்கிறார் முனிவர். அப்பட்டமான பருவ விதி! இருட்டிய பிறகு சுடக் கூடாது என்ற விதியும் இங்கிலாந்தில் உண்டு. சரயு நதிக்கரையில் குடத்தில் நீர் நிரம்பும் சத்தத்தை யானை என்று நினைத்து இருட்டில் அம்பு விட்ட தசரதனை நினைத்தால், அதுக்கு விளக்கமே தேவையில்லை.

ஆனால் விதி எல்லா இடத்திலும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. நம்ம ஊர் கிஜாங்குக்கு உறவான சீனத்து மண்ட்ஜாக் மான், மனிதர்கள் கொண்டுபோய் விட்டதால் இங்கிலாந்தில் பெருகிக் கிடக்கிறது. அது வருடம் முழுக்கக் குட்டி போடும், அதனால் அதற்குத் தடைக்காலமே கிடையாது. அங்குள்ள வழிகாட்டிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? பெண் மண்ட்ஜாக்கைச் சுடுவதென்றால் வயது வராததை, இல்லையென்றால் நிறைமாதச் சினையாக இருப்பதைச் சுடு என்கின்றன. முந்தைய குட்டி அதற்குள் பால் மறந்திருக்கும், பட்டினியில் சாக யாரும் மிஞ்ச மாட்டார்கள். படிச்சதும் வயிற்றைப் பிசைந்தது. கணக்கில் பிழை கண்டுபிடிக்க முயற்சி செய்தேன், முடியல. கிந்தமர் இதைக் கேட்டால் என்ன சொல்வார்?

நம்மில் சிலர் "நாம அகிம்சைக்காரங்க, நமக்கெதுக்கு இது" என்பார்கள். தீபாவளிக்கு ஆட்டுக்கறி வாங்க நானும்தான் வரிசையில் நிற்கிறேன். அந்த ஆடு எந்த மாதம், எந்தக் கத்தியால், எத்தனை நொடியில் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இங்கே தீபகற்ப மலேசியாவில் கடமான், கிஜாங் வேட்டைக்கு உரிமம் தருவதை 2009-இல் நிறுத்தினார்கள், பிறகு அந்தத் தடையை நீட்டித்தார்கள். எண்ணிக்கை அவ்வளவு குறைந்து போனது. கடமான் குறைந்தால் புலிக்கும் இரை இல்லை. காட்டில் நம் புலிகள் 150-க்கும் குறைவு என்று தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. சட்டம் வேட்டைக்காரனை நிறுத்தலாம். காட்டில் கிடக்கும் சுருக்குக் கம்பியை என்ன செய்வது? 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, இருந்தும் வனக்காவலர்கள் இன்னும் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுக்கு ஜூல் கணக்கு இல்லை, நவம்பர் தெரியாது, ஆணா பெண்ணா, பால் கொடுக்கிற தாயா என்று பார்க்கக் கண் இல்லை. கடமான் காலும் புலியின் காலும் அதுக்கு ஒன்றுதான். கட்டியவன் திரும்பி வரும்வரை, சில நேரம் அவன் திரும்பி வராமலே போனாலும், அது இறுகிக்கொண்டே இருக்கும்.