சான்சாவின் குற்றம்

மதிய உணவு இடைவேளையில் எங்கள் துறைக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் முதுகலை மாணவிகள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது காதில் விழுந்தது.

"அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவங்க அப்பா செத்திருக்கவே மாட்டாரு."

"ஒரு பையனுக்காகக் குடும்பத்தையே காட்டிக் கொடுத்துட்டாளே!"

ஊரில் தெரிந்த பெண் யாரையோ பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு நிஜமான கோபம் அது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சான்சா ஸ்டார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற நாவல் வரிசையில் வரும் சிறுமி அவள். 1996இல் முதல் நாவல் வந்தது, 2011இல் ஐந்தாவது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாகத் தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. உலகம் முழுவதும் அதன் வாசகர்கள் கூடும் இடங்களில் அதிகம் தூற்றப்பட்ட பாத்திரங்களில் சான்சாவும் ஒருத்தி. எங்கள் வேப்பமரத்தடித் தீர்ப்பும் அதற்கு விலக்கில்லை.

கதாபாத்திரங்களை வழக்கு மன்றத்தில் நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. கண்ணகியா மாதவியா, கும்பகர்ணனா வீடணனா என்று கேட்டே பல பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கற்பனை மனிதர்களுக்குத் தீர்ப்புச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. அவர்கள் மேல்முறையீடு செய்ய மாட்டார்கள். தண்டனையும் யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 'பிரேக்கிங் பேட்' தொடரில் கதாநாயகனின் மனைவி ஸ்கைலராக நடித்த ஆனா கன், 2013இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்கைலர் மீது ரசிகர்களுக்கு இருந்த வெறுப்பு மெல்ல நகர்ந்து, நடித்த தன்மீதே வந்து விழுந்ததை அதில் சொல்லியிருந்தார். கற்பனைப் பெண்ணின் மீதான கோபத்துக்கு வெளியே போக வழி தெரியும்.

அதனால் அந்த வழக்கை நானும் எடுத்துக்கொண்டேன். ஐந்து நாவல்களையும் படித்தேன்.

சான்சாவின் மீதுள்ள குற்றங்கள் முதன்மையாக இரண்டு. கதை தொடங்கும்போது அவளுக்கு வயது பதினொன்று. அரசகுமாரன் ஜோஃப்ரிக்கு அவளை நிச்சயித்திருக்கிறார்கள். போகும் வழியில் அவளுடைய தங்கை ஆர்யாவும், மைக்கா என்ற கசாப்புக்காரர் மகனும் குச்சிகளை வைத்துக் கத்திச்சண்டை விளையாடுகிறார்கள். ஜோஃப்ரி அந்தப் பையனைத் துன்புறுத்த, ஆர்யா தடுக்க, அவளுடைய ஓநாய் ஜோஃப்ரியைக் கடித்துவிடுகிறது. அரசனின் முன்னால் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். சான்சா தனக்கு நினைவில்லை என்கிறாள். இது முதல் குற்றம். இரண்டாவது, தலைநகரில் ஆபத்து முற்றியபோது தந்தை நெட் ஸ்டார்க் மகள்கள் இருவரையும் ரகசியமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப நினைக்கிறார். ஊருக்குப் போக மனமில்லாத சான்சா, ராணி செர்சியிடம் ஓடிப்போய் அதைச் சொல்லிவிடுகிறாள். அதன்பின் நெட் சிறைப்படுகிறார். அவர் தலை வெட்டப்படுகிறது.

இனி அதே கதையில் வரும் மற்றவர்களைப் பார்ப்போம். மைக்காவைக் குதிரையில் துரத்திப்போய் வெட்டிக் கொன்றவன் சாண்டர் கிளகேன். கதையின் பெரும் செல்லப்பிள்ளைகளில் அவன் ஒருவன். ஏழு வயதுச் சிறுவன் பிரானை உயரமான ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டு நடக்க முடியாமல் செய்தவன் ஜேமி லானிஸ்டர். மூன்றாம் நாவல் முடிவதற்குள் வாசகர்கள் அவனுக்காக உருகத் தொடங்கிவிடுகிறார்கள். தன்னோடு வாழ்ந்த ஷேயைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் டிரியன். அவனுடைய நகைச்சுவைக்கு இன்றும் கைதட்டல் குறையவில்லை. இன்னும் முக்கியமானவர் நெட் ஸ்டார்க். ராணியின் குழந்தைகள் அரசனுக்குப் பிறந்தவர்கள் அல்ல என்று கண்டுபிடித்ததும், அரசனிடம் சொல்வதற்கு முன் ராணியைக் கூப்பிட்டு, தான் சொல்லப்போவதாக அவரே அறிவிக்கிறார். குழந்தைகள் சாகக்கூடாதே என்ற இரக்கம் அவருக்கு. தந்தை எதிரியிடம் ரகசியத்தைச் சொன்னால் அது பெருந்தன்மை. மகள் சொன்னால் துரோகம்.

ஏன் இப்படி? எனக்கு முதலில் தோன்றிய விடை, இலக்கியம் கற்பிக்கிறவளுக்கு எளிதாகத் தோன்றக்கூடிய விடைதான். இந்த நாவல்களின் ஒவ்வொரு இயலும் ஒரு பாத்திரத்தின் மனதுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது. முதல் இரண்டு நாவல்களில் ஜேமியை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். மூன்றாவதில் அவன் மனம் திறக்கிறது. நகரத்தையே எரித்துவிட இருந்த பைத்தியக்கார அரசனைக் கொன்றுதான் 'அரசனைக் கொன்றவன்' என்ற இழிபெயரை அவன் வாங்கினான் என்று தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் வெறுப்பு கரைந்துவிடும், ஆகவே ஒருவரின் குரலைக் கேட்பதே அறத்தின் தொடக்கம் என்று வகுப்பில் சொல்லவும் செய்தேன்.

ஒரு மாணவி அதை ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டாள். "அம்மா, சான்சாவோட மனசுக்குள்ள நாம முதல் புத்தகத்திலேர்ந்தே இருக்கோமே?"

உண்மை. ஜேமிக்கு முன்பே பேசத் தொடங்கியவள் சான்சா. அவளுடைய பயம், பாடல்களில் கேட்ட வீரர்களைப் பற்றிய அவளுடைய கனவு, தந்தையின் தலை விழுந்ததைப் பார்த்த பிறகு அவள் படுத்துக் கிடந்த நாட்கள் எல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை. ஆக, குரலைக் கேட்பது மட்டும் போதாது. யாருடைய குரல் கேட்கத் தகுந்தது என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் காதைத் திறக்கிறோம்.

அவளுடைய தங்கை ஆர்யாவை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும்தான். ஊசி பிடிக்க மறுத்து வாள் பிடித்தவள். அங்கேதான் என்னைப் போன்றவர்கள் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கொடுத்த பாத்திரத்தை உதறுகிற பெண்ணைக் கொண்டாடக் கற்றுக்கொண்டோம், நல்லது. ஆனால் பூத்தையலும் நல்ல உடையும் பாட்டும் பிடித்த பெண்ணை, சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண்ணை, உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கவும் கூடவே கற்றுக்கொண்டோம். சான்சா தன் காலத்தின் வளர்ப்புக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கியவள். பெரியவர்களை நம்பு, வருங்காலக் கணவனை நம்பு, மாமியாரை அம்மாவாக நினை என்று அவளுக்குச் சொன்னார்கள். அவள் நம்பினாள். நம்பச் சொல்லி வளர்த்தவர்களை விட்டுவிட்டு, நம்பியதற்காக அவளைத் தண்டிக்கிறோம்.

அப்படியென்றால் பலவீனமானவர்கள் எது செய்தாலும் குற்றமில்லையா என்று அந்த மாணவியே கேட்டாள். நியாயமான கேள்வி. மைக்கா விஷயத்தில் சான்சா உண்மையை விழுங்கினாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தவறு என்பதும் அதற்கான பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில் ஏறுவது என்பதும் ஒன்றல்ல. பொறுப்பைப் பங்கிடும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவருக்கு எவ்வளவு தெரியும்? அவரால் எவ்வளவு முடியும்? ஏன் ஊருக்குப் போகவேண்டும் என்பதற்கான முழுக் காரணத்தை நெட் தன் மகளிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஜோஃப்ரியிடமும் அவன் அம்மாவிடமும் என்ன ஆபத்து என்று சொல்லவில்லை. குழந்தைக்கு எதற்கு என்று நினைத்திருப்பார். தெரியாமல் வைத்திருந்துவிட்டு, தெரியாமல் போனதற்கு அவளையே பழிக்கிறோம். வெட்டச் சொன்னவன் ஜோஃப்ரி, காவல்படையை விலைபேசி நெட்டைக் கைவிட்டவன் பேலிஷ், பிடித்துச் சிறையில் போட்டவள் செர்சி. இத்தனை பெரியவர்களைத் தாண்டி நம் விரல் ஒரு பதினொரு வயதுப் பெண்ணைத் தேடிப்போய்ச் சுட்டுகிறது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டபோதுதான் வேறொரு முகம் நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் துணைக் காப்பாளராக இருந்தேன். ஒரு ஞாயிறு மாலை, மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியின் அம்மா விடுதித் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது அவளுடைய அறையில் இருந்த முதலாண்டுப் பெண். அக்கா எங்கே என்று கேட்டதற்கு, யாரோடு வெளியே போயிருக்கிறாள் என்பதை அவள் உள்ளபடியே சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் அன்றைக்கே கைக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. படிப்பை விடச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் நானும் நின்றிருந்தேன். ஒரு மாதத்துக்குள் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம்.

விடுதி முழுவதும் அந்த முதலாண்டுப் பெண்ணோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அவள் உட்காரும் மேசையில் யாரும் தட்டு வைக்கவில்லை. நான் அதைத் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமில்லை, அவளைக் கூப்பிட்டு, "உன்னால ஒரு பொண்ணோட படிப்பே போச்சு" என்றேன். அவள் அழவில்லை. "அவங்க அம்மா கேட்டாங்கம்மா. ஒரு அம்மா கேட்கும்போது எப்படிங்கம்மா பொய் சொல்றது?" என்றாள். அது எதிர்ப்பேச்சாகத்தான் எனக்குக் கேட்டது. இன்று அது கேள்வியாகக் கேட்கிறது. பொய் சொல்லாதே என்று பதினேழு வருடம் சொல்லி வளர்த்து, எந்த இடத்தில் பொய் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தராமல் அனுப்பிவைத்திருந்தார்கள். அந்த ஆண்டின் பாதியிலேயே அவளும் கல்லூரியை விட்டுப் போனாள். விடுதியைக் காலி செய்யும் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அந்த அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இருபது வயதுப் பெண்ணை அவள் விருப்பம் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் என் வேலை தகுதிகாண் பருவத்திலேயே முடிந்துபோகும் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் பயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதைக் கோபமாக மாற்றி, திருப்பி அடிக்க முடியாத ஒருத்தியின் மீது இறக்கி வைத்தேன். சான்சாவின் மீதான வெறுப்பில் எனக்குத் தெரிவது இதுதான். சக்தி உள்ளவர்களின் குற்றம் நமக்கு இயற்கை போலப் பழகிவிடுகிறது. மழை பெய்தால் யாரும் மேகத்தைத் திட்டுவதில்லை, குடை எடுக்காதவளைத்தான் திட்டுகிறோம்.

தொடரின் கடைசிப் பருவத்தில் சான்சா வடநாட்டின் ராணியாகிறாள். பலர் அப்போதுதான் அவளை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே பருவத்தில், தனக்கு நேர்ந்த கொடுமைகள் இல்லையென்றால் தான் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்ற பொருளில் அவளைப் பேச வைத்தார்கள். கண்டனங்கள் எழுந்தன, எழ வேண்டியதுதான். ஒரு பெண் வன்முறையில் வெந்து இறுகினால்தான் மன்னிப்புக் கிடைக்கும் என்றால், அதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை.

இன்னொருத்தியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சான்சாவின் தோழி ஜெய்ன் பூல், அரண்மனைக் காரியஸ்தரின் மகள். நாவலில் அவளைத்தான் ஆர்யா என்று பெயர் மாற்றி ரேம்சி என்ற கொடியவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கொடுமையைச் சான்சாவின் மீது ஏற்றிவிட்டார்கள். நெட்டின் மகளை மீட்கவென்று வடநாட்டு வீரர்கள் பனியில் நடந்து வருகிறார்கள். உள்ளே அழுதுகொண்டிருப்பவள் காரியஸ்தர் மகள் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்? அவளுக்கென்று ஓர் இயல்கூட அந்த நாவல்களில் இல்லை. அவள் உண்மையில் யார் என்று தெரிந்தே அவளைக் கூட்டிக்கொண்டு மதிலிலிருந்து குதிப்பவன், தானும் சிதைக்கப்பட்ட தியோன் மட்டும்தான்.

இந்தக் கட்டுரையை மறுபடி படிக்கும்போது கவனித்தேன். விடுதிக் கதையில் தொலைபேசி எடுத்தவள் பேசுகிறாள், நான் பேசுகிறேன். அழைத்துப் போகப்பட்ட மூன்றாமாண்டுப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று அலுவலக அறையில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், தாய்மாமன் "சும்மா இரு" என்றார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.