கேமராவுக்கு முன்னால் பதினெட்டு வயது

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், வசந்த காலத்தில், ‘ப்ராம்’ என்றொரு நடன இரவு வருகிறது. பையன்கள் வாடகைக் கோட்டில் ஒரு பூவைக் குத்திக்கொள்கிறார்கள். பெண்கள் தரை தொடும் கவுன் அணிந்து, மணிக்கட்டில் பூ கட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. அந்த வயதில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கையே அல்ல.

அதைப் புரிந்துகொண்டு படமெடுத்தவர் மேரி எலன் மார்க். மும்பை பாக்லண்ட் ரோட்டின் பாலியல் தொழிலாளர்கள், இந்திய சர்க்கஸ் கலைஞர்கள், சியாட்டில் தெருக்களில் வாழ்ந்த சிறுவர்கள் ஆகியோரின் படங்களால் உலகப் புகழ் பெற்றவர். 1940இல் பிறந்த அவர், அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், 2006 முதல் 2009 வரை அமெரிக்கா முழுக்கப் பதின்மூன்று பள்ளிகளின் ப்ராம் இரவுகளுக்குப் போனார்.

கொண்டுபோன கேமரா சாதாரணமானது அல்ல. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய போலராய்டு அது. 20 அங்குல அகலம், 24 அங்குல உயரத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படம் தரும். ஷட்டர் விழுந்ததும் படத்தாள் கேமராவின் அடியிலிருந்து இறங்கி வரும். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து மேல்தாளை உரித்தால், பையனின் கழுத்துப் பட்டியின் மடிப்பு முதல் பெண்ணின் கண்மை வரை அத்தனையும் தெரியும். ஒவ்வொரு படமும் ஒரே ஒரு பிரதிதான். அதனால் எடுப்பவரும் சரி, நிற்பவரும் சரி, அலட்சியமாக இருக்க முடியாது.

மார்க்குக்கும் ஒரு பள்ளிப் பருவம் இருந்தது. பிலடெல்பியா அருகே செல்டன்ஹாம் உயர்நிலைப் பள்ளியில், ‘சியர்லீடர்’ குழுவின் தலைவியாக இருந்தவர் அவர். அழகாகத் தெரிய வேண்டும், யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமாக இருந்திருக்காது.

சொந்த இளமையை நினைப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, ‘எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை’ என்று இன்றைய பிள்ளைகளை எடைபோடுவது. இன்னொன்று, அந்த வயதின் பயத்தையும் ஆசையையும் நினைவில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரை மதிப்பது. மார்க்கின் படங்கள் இரண்டாவது வகை. அவற்றில் கேலியும் இல்லை, குழைவும் இல்லை.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் இளம் நோயாளிகளுக்காக நடக்கும் ப்ராமுக்கும் அவர் போனார். அங்கே வந்தவர்களையும் அதே கேமராவுக்கு முன்னால்தான் நிறுத்தினார். அப்படிச் சமமாக நடத்தியதே அவர்களுக்குத் தந்த மரியாதை. அவருடைய கணவர் மார்ட்டின் பெல், ப்ராம் இரவில் இளைஞர்களோடு பேசியதைத் திரைப்படமாக்கினார். காதல், எதிர்காலம், அச்சம் பற்றியெல்லாம் அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். கேட்க ஆளிருந்தால் அந்த வயது பேசும்.

இந்தப் பயணங்களின் நடுவே, 2008இல் போலராய்டு நிறுவனம் தன் படத்தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ‘ப்ராம்’ புத்தகம் 2012இல் வந்தது. மார்க் 2015இல் காலமானார்.

உங்கள் வீட்டிலும் பதினெட்டு வயதுக்காரர் ஒருவர் உடுத்திக்கொண்டு வந்து நிற்கலாம். அப்போது ‘இதென்ன வேஷம்?’ என்று கேட்காதீர்கள். எப்படி நிற்க விரும்புகிறார் என்று கேட்டு, அப்படியே ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்.